ஒரே கூரையின் மகிமை

வலைப் பயன்பாடுகளை இயக்க இரு வழிகள் உண்டு: ஒவ்வொன்றுக்கும் தனி வழங்கி, அதாவது கேட்டதை எடுத்துக்கொடுக்கும் கணினி, வைப்பது ஒன்று, எல்லாவற்றையும் ஒரே கட்டமைப்பில் இணைப்பது மற்றது. தனி வழங்கி விழுந்தால் அது மட்டுமே விழும் என்பதால் அங்கே சமத்துவத்துக்கு இடமில்லை. இலங்கை அரசின் இணைந்த ஏற்பாடான லங்கா அரச முகிலிலோ, 2023 ஆகஸ்ட் 26 அன்று கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் தீநிரல் புகுந்தபோது, அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாகுபாடின்றிப் பாதிக்கப்பட்டன. தயாரித்த நிறுவனமே அவ்வாண்டு ஏப்ரலில் கைவிட்ட எக்ஸ்சேஞ்ச் 2013 மின்னஞ்சல் மென்பொருளை அரசு கைவிடாதிருந்தமை முதியோரைப் பேணும் பண்பின்பாற்படும். காப்புப் பிரதிகளும் பிரிவுத்துயர் அறியாதவாறு இணைப்பிலேயே வைக்கப்பட்டிருந்தமையால் அவையும் உடன்கட்டை ஏறின. மே 17 முதலான கடிதங்கள் மீளவில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று, அனுப்பிய மின்னஞ்சலைக் காலி வீதிப் போட்டோக்கொப்பிக் கடையில் மூன்று பிரதி எடுத்து அலுமாரியில் பூட்டிய வெள்ளவத்தை மூதாட்டியரே அக்காலத்து அரச ஆவணக்காப்பகம் ஆவர்; ஆயினும் அப்பிரதிகளை ஏற்குமுன், திணைக்களத்திலுள்ள மூலத்தோடு ஒப்பிட்டு உறுதிப்படுத்த வேண்டும் என்பது விதி.