நல்ல சத்தத்தைக் கெடுப்பது எப்படி?

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஒரு சத்தம் கெட்டுப்போனால் அதைச் சரிசெய்யத் தெருவுக்கு ஓர் ஆள் உண்டு. ரேடியோ இரைந்தால் ஒருவர், மைக் செட் ஊளையிட்டால் ஒருவர், போர் மோட்டார் முனகினால் டெஸ்டரும் கையுமாக ஒருவர். நன்றாக இருக்கிற சத்தத்தைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் மட்டும் ஆள் கிடையாது. கிட்டார் பெடலைச் சொந்தமாகச் செய்யக் கிளம்புகிறவனுக்கு இங்கே முதல் சிக்கல் இதுதான்.

எலக்ட்ரிக் கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் தரையில் கிடக்கும் சின்ன உலோகப் பெட்டிக்குப் பெடல் என்று பேர். காலால் ஒரு மிதி மிதித்தால், அதுவரை சர்ச் கொயரில் அடக்கஒடுக்கமாக இருந்த கிட்டார் கர்ஜிக்க ஆரம்பிக்கும். கடையில் விலை ஆயிரங்களில். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு கைப்பிடிச் சாமான். ‘இந்தக் கைப்பிடிக்கா இத்தனை?’ என்ற கேள்வி ராசிபுரத்துக்காரன் மனதில் எழுந்துவிட்டால் அப்புறம் அவனைத் தடுக்க முடியாது. அன்று சாயங்காலமே சால்டரிங் அயன் வாங்கிவிட்டேன்.

இந்தக் கெடுக்கும் கலை பிறந்ததே ஒரு ரிப்பேரில்தான். அமெரிக்காவின் நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொர்ரி’ பாட்டைப் பதிவு செய்தபோது, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் பழுதான மிக்சர் வழியே போய் கொரகொரவென்று வந்து விழுந்தது. அதைத் தூக்கிப் போடாமல் 1961இல் அப்படியே வெளியிட்டார்கள். பாட்டைப் பதிவு செய்த கிளென் ஸ்னாடி, அந்தப் பழுதை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு வேண்டுமென்றே உண்டாக்கும் சர்க்யூட் ஒன்றை இன்னொருவரோடு சேர்ந்து உருவாக்கினார். 1962இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்டோன் என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ வந்த பிறகுதான் ஜனங்கள் அதைத் தேடி ஓடினார்கள். நடுவில் 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், ஸ்பீக்கர் காகிதத்தையே பிளேடால் கீறிவிட்டு வாசித்துப் புகழ் பெற்றார். நம்மூர் மைக் செட்காரர் கண்ணில் பட்டிருந்தால் அந்தப் புகழ் அவருக்குக் கிடைத்திருக்காது; அடிதான் கிடைத்திருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெடலுக்கு வேண்டிய அத்தனையும் நமக்கு ஏற்கெனவே தெரியும். சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் வழியில் காலேஜ் பஸ் குறுக்கிடாத கிலோமீட்டர் குறைவு. அந்தக் காலேஜ்களின் எலக்ட்ரானிக்ஸ் லேபில் சிக்னலைப் பெருக்கும் 741 என்ற எட்டுக்கால் ஐசி உண்டு. 1968இல் ஃபேர்சைல்டு கம்பெனிக்காக டேவ் ஃபுல்லகர் வடிவமைத்தது. இன்புட் 2, 3, அவுட்புட் 6, சப்ளை 4, 7. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பையன்கள் ஒப்பிப்பார்கள். பிராக்டிகல் பரீட்சையில் அதற்கு அளவுக்கு மேல் சிக்னல் கொடுத்தால், ஆசிலாஸ்கோப்பில் வளைந்து வளைந்து போக வேண்டிய அலை உச்சியில் மொட்டையாகத் தெரியும். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, “ஏம்ப்பா, மேலே ஏன் மொட்டையா இருக்கு? இன்புட்டைக் குறை!” என்பார். மார்க் போய்விடும்.

அமெரிக்காவில் எம்எக்ஸ்ஆர் என்ற கம்பெனி 1970களில் இதே 741ஐ எடுத்து, நன்றாகப் பெருக்கவிட்டு, கடைசியில் எதிரெதிராக இரண்டு டையோடுகளை வைத்து அலையின் தலையை மொட்டை அடித்து, ‘டிஸ்டார்ஷன் பிளஸ்’ என்று விற்றது. ஆஸி ஆஸ்போர்னோடு வாசித்த ராண்டி ரோட்ஸின் காலடியில் இருந்தது இதுதான். நம்ம எக்ஸ்டர்னல் பார்த்திருந்தால் ரீ-அப்பியர்.

டையோடு செய்யும் வேலையை நெல் அளந்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். படியில் குவித்த நெல்லை உள்ளங்கையால் வழித்துத் தலை தட்டுகிறோம் இல்லையா, அதே வேலை. எந்த உயரத்தில் தட்டுவது என்பதுதான் டையோடுகளுக்குள் வித்தியாசம். ஜெர்மானியம் 0.3 வோல்ட் பக்கத்திலேயே தட்டிவிடும், சிலிக்கான் 0.6 தாண்டி, சிவப்பு எல்இடி இன்னும் மேலே. தட்டிய இடத்தில் கிட்டார் வாசிக்காத புதுச் சுரங்கள் முளைக்கின்றன. நாம் கர்ஜனை என்பது அவற்றைத்தான். ஆக, மூன்று வகை டையோடு வாங்கினால் மூன்று வகைச் சத்தம். செலவு ஒரு டீ வடைக்குள் அடங்கும். பஸ் டிக்கெட் தனி.

அந்த பஸ் டிக்கெட்டில் சேலம் போய்க் கடையில் நின்றேன்.

“கண்டென்சர் வேணுமுங்க.”

“ஃபேனுக்குங்களா, மோட்டாருக்குங்களா?”

“கிட்டாருக்கு.”

கடைக்காரர் உள்ளே திரும்பி இன்னொருவரைப் பார்த்தார். அவர் உத்திரத்தைப் பார்த்தார். நம் பக்கத்தில் கண்டென்சர் என்றால் ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது மாற்றுகிற 2.5 மைக்ரோஃபாரட் டப்பாதான். எனக்கு வேண்டியது அதில் 25இல் ஒரு பங்கு, 0.1 மைக்ரோஃபாரட். பாட்டை மட்டும் உள்ளே விட்டு, பேட்டரி வோல்ட்டேஜை வாசலிலேயே நிறுத்துவது இதன் வேலை. மதிப்பைக் குறைத்தால் பேஸும் வாசலிலேயே நின்றுவிடும். கிட்டார் சளி பிடித்துப் பேசும். இவ்வளவு பெரிய உத்தியோகம் பார்க்கிற சாமானின் முதுகில் 104 என்று மட்டும் அச்சடித்திருக்கும். பத்துக்குப் பின்னால் நாலு சைபர் போட்டு, ஒரு லட்சம் பிக்கோஃபாரட் என்று படிக்க வேண்டும். இது தெரியாதவர்களுக்கு 104 என்பது கடுங்காய்ச்சல், அல்லது அந்தக் காய்ச்சலுக்கு யோசனை கேட்க அரசாங்கம் வைத்திருக்கும் போன் நம்பர்.

அடுத்து எல்டிஆர் கேட்டதும் கடைக்காரர் முகம் மலர்ந்தது. “அட, தெருவிளக்கு புராஜெக்டுங்களா? எந்தக் காலேஜு? ரெடிமேடாவே இருக்குது, ரிப்போர்ட்டும் சேர்த்துத் தந்தர்றேன்.” இருட்டினால் தானாக எரியும் தெருவிளக்குதான் தமிழ்நாட்டில் எல்டிஆருக்கு விதிக்கப்பட்ட ஒரே பிறவி. அந்த வெளிச்சமறியும் ரெசிஸ்டரில் நான்கை ஒரு மினுக்கும் பல்பைச் சுற்றி வைத்து, ஜப்பானின் ஷின்-எய் கம்பெனி யூனி-வைப் என்ற பெட்டியைச் செய்தது. கிட்டார் மன்னன் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1969இல் வுட்ஸ்டாக் இசைவிழா மேடையில் அதை மிதித்தார். கடைக்காரரிடம் சொன்னேன். “அப்ப அவருக்கும் ரிப்போர்ட் வேணுங்களா?” என்றார்.

ரெசிஸ்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கறுப்பு, பிரவுன், சிவப்பு என்று வண்ண வளையத்தில் மதிப்பு எழுதியிருக்கும். கிரேட் பிரிட்டனைச் சேர்ந்த பி.பி. ராய் என்பவருக்கு நல்ல மனைவி வாய்த்த கதையை வைத்து அந்த வரிசையை நமக்கு மனப்பாடம் செய்வித்தார்கள். ராயின் குடும்பம் நன்றாக இருக்கட்டும். கடை டியூப் லைட்டில் பிரவுனும் சிவப்பும் ஆரஞ்சும் அண்ணன் தம்பிகள். மல்ட்டிமீட்டரை நம்புவதே உத்தமம். காலால் மிதிக்கிற சுவிட்சுக்கு ஒன்பது கால் வேண்டும் என்றேன். “ஆறு காலுக்கு மேல நம்மகிட்ட இல்லீங்க” என்று கும்பிட்டுவிட்டார்.

ஜெர்மானியம் டிரான்சிஸ்டருக்கு வருவோம். 1966இல் லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி வெளியிட்ட ‘ஃபஸ் ஃபேஸ்’ பெடலில் சர்க்யூட் என்று பார்த்தால் மொத்தம் 11 பாகம்: இரண்டு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கண்டென்சர், இரண்டு கன்ட்ரோல். ஹெண்ட்ரிக்ஸ் பேர் வாங்கிய பெட்டி. இதைவிட எளிய சர்க்யூட் கிடையாது என்று எல்லாரும் ஆசை காட்டுவார்கள். எளிமைதான், அந்த இரண்டு டிரான்சிஸ்டர் மட்டும் ஜெர்மானியமாக இருக்க வேண்டும். ஒரு காலத்தில் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் செய்தது. வீட்டுக்கு வீடு ரேடியோவுக்குள் அந்த ஜாதிதான் பாடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் ரேடியோ மெக்கானிக் கடையில் பெஞ்சுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கிடந்தது.

“அண்ணா, ஏசி 128 இருக்குங்களா?”

“ஏனுங் தம்பி, மர்ஃபி செட்டா, புஷ் செட்டா?”

“செட்டு இல்லீங்கண்ணா. சும்மா டிரான்சிஸ்டர் மட்டும்.”

“அதெல்லாம் லீக்கடிக்கிற சாமான் தம்பி. சிலிக்கான் வந்தப்புறம் எவன் தொடறான் அதை?”

“எனக்கு அந்த லீக்கும் கொஞ்சம் வேணுங்கண்ணா. சத்தம் கெடணும்.”

அவர் டப்பாவைக் கீழே வைத்தார். என்னை உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். “வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானுங் தம்பி?” என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். நாற்பது வருஷம் இரைச்சலை விரட்டியே பிழைத்தவர். அவரிடம் போய் இரைச்சல் கேட்டால் வேறு என்ன செய்வார்?

லீக் விஷயத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஜெர்மானியத்தில் வெப்பம் ஏறக் கசிவு மின்சாரம் பெருகும். பத்து டிகிரிக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. 20 டிகிரியில் ஒழுங்காக இருக்கும் டிரான்சிஸ்டரில், சேலத்துச் சித்திரை வெயில் 40ஐத் தொடும்போது கசிவு நாலு மடங்கு. மல்ட்டிமீட்டரில் எச்எஃப்இ என்கிற பெருக்க அளவைப் பார்த்தால் அந்தக் கசிவும் சேர்ந்து எண் ஜோராக ஏறிக் காட்டும். நம்பி வாங்கினால் தீர்ந்தது. லண்டன் குளிருக்குப் பிறந்த சர்க்யூட், நம்மூரில் காலையில் ஹெண்ட்ரிக்ஸாகவும் மத்தியானத்தில் பல்லி கத்துவதாகவும் சாயங்காலம் ஊமையாகவும் இருக்கும். ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் தெளிந்துவிடும் என்பதைச் சோதித்தே பார்த்தேன். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து மிதித்தால் தேவகானம். எங்கள் ஊருக்கு அந்தப் பக்கம் கொல்லிமலையும் இருக்கிறது, அதுவும் குளிர்தான். ஆனால் அதற்கு 70 வளைவு. ஒரு பெடலுக்காக அத்தனை வாந்தி எடுக்க முடியாது.

இந்த வெயில் தொல்லைக்கு மாற்று அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது. அதே ஃபஸ் ஃபேஸில் பின்னாளில் சிலிக்கான் பிசி 108 ஏறியது. வெயிலுக்கு அசராது. அதன் உடன்பிறப்பு பிசி 107 நம் லேப் அலமாரிகளில் தூங்குகிறது. சத்தம் கொஞ்சம் முரடு. ஜெர்மானியத்தின் வழவழப்பு வராது என்பவர்கள் ஏசி ரூமில் வசிப்பவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு காரியம் மட்டும் செய்திருக்கக் கூடாது. வெளிநாட்டில் இந்த டிரான்சிஸ்டரை அளந்து, ஜோடி சேர்த்து, ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறார்கள் என்று மெக்கானிக் அண்ணனிடம் வாய்விட்டுவிட்டேன். அடுத்த தடவை போனபோது பிஸ்கட் டப்பா பெஞ்சுக்கு அடியிலிருந்து கண்ணாடி அலமாரிக்குக் குடிபோயிருந்தது. “ஹெண்ட்ரிக்ஸ் சாமானுங்களா? அது தனி ரேட்டுங் தம்பி.”

சால்டரிங் வைக்க எனக்கு வாய்த்தவர் சேலத்தில் கொலுசுப் பட்டறை நடத்தும் உறவுக்காரர். கண்ணுக்குத் தெரியாத வெள்ளி வளையத்தை ஆயிரக்கணக்கில் பற்றவைத்த கை. என் போர்டை வாங்கிப் பார்த்தவர், “இவ்வளவு பெரிசு பெரிசா இருக்குது, இதுக்கா ஆளத் தேடுனீங்க மாப்ள?” என்றார். வைத்த ஒவ்வொரு பற்றும் பளபளவென்று உருண்டு நின்றது. லூஸ் கனெக்‌ஷன் என்ற பேச்சுக்கே இடமில்லை. செய்கூலி வாங்கவில்லை, சேதாரம் மட்டும் கேட்டார், தமாஷாகத்தான் என்று நினைக்கிறேன்.

கடைசியாகப் பெட்டி. உலோகமாக இருக்க வேண்டும், கிரவுண்டோடு இணைய வேண்டும். இல்லாவிட்டால் வீட்டு வயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் ‘ம்ம்ம்’ என்று பாட்டுக்குள் சுருதி பிடிக்கும். மேல்நாட்டில் அலுமினிய வார்ப்புப் பெட்டி. இங்கே சுவரில் சுவிட்ச் போர்டுக்குப் பதிக்கிற தகரப் பெட்டி போதும். துளை போட்டு பெயின்ட் அடிக்க நாமக்கல்லுக்குப் போனேன். லாரி பாடி கட்டுகிற ஊரில் தகர வேலைக்கும் பெயின்டுக்கும் பஞ்சமா? பட்டி பார்த்து, தேய்த்து, பச்சை அடித்து, ஓரத்தில் மஞ்சள் பூ விட்டு, நடுவே எலுமிச்சம்பழமும் மிளகாயும் வரைந்தார் பெயின்டர். ‘என்ன எழுதட்டும்?’ என்றுகூடக் கேட்காமல், பழக்க தோஷத்தில் கீழே ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதி முடித்துவிட்டார். உலகத்தில் எந்தப் பெடலுக்கும் இவ்வளவு பொருத்தமான வாசகம் அமைந்திருக்காது.

காய்ந்ததும் அங்கேயே மாட்டினேன். சின்ன பேட்டரி ஆம்ப்ளிஃபயர், கிட்டார், கையில் 9 வோல்ட் பேட்டரி. மிதித்து ஒரே ஒரு தந்தியைத் தட்டியதும் பட்டறையில் சுத்தியல் சத்தம் எல்லாம் நின்றது. பாதி கட்டிய லாரிக்கு அடியிலிருந்து ஃபோர்மேன் வெளியே வந்தார். காதைச் சாய்த்துக் கேட்டார். இன்னொரு தடவை தட்டச் சொன்னார்.

“பயப்படாதீங் தம்பி. ஏர் ஹார்ன்ல டயாபிரம் கிழிஞ்சா இப்படித்தான் வரும். அஞ்சு நிமிசத்துல சரி பண்ணிரலாம்.”

நான் வாயைத் திறப்பதற்குள் மூடியில் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டார்.