டிடிஎஸ் மாமா

நேற்று சாயங்காலம் என் ஜவ்வரிசி வடாம் மறுபடியும் கூழாகிவிட்டது. உபயம்: மேல்வீட்டு மாமா. ஜன்னல் கழுவினார்.

சோலார் பலகை கழுவ விற்கிறார்களே, இழுத்தால் இருபதடி நீளும் கம்பு, நுனியில் பிரஷ், பிரஷுக்குள் குழாய்த் தண்ணீர், அதை வாங்கிவிட்டார். ஆந்தி என்கிற புழுதிப் புயல் அடித்து ஓய்ந்தால் டில்லி கரோல் பாகில் எந்தக் கண்ணாடி வழியாகவும் எதிர்வீடு தெரியாது, வாங்கியது நியாயம்தான். வாங்கியபடியே விட்டிருக்கலாம். ஆனால் புதுச் சாமானைக் கழற்றிப் பார்க்காமல் நம்மில் யாருக்குச் சோறு இறங்குகிறது?

தரையில் நின்று மேலே நீட்டவேண்டிய கம்பு அது. எங்கள் சந்தில் ஸ்கூட்டர்களுக்கு நடுவே கால் வைக்க இடமில்லை. ஆகவே மாமா மொட்டைமாடியில் நின்று கீழே தொங்கவிடுகிறார். தொங்கவிட்டால் பிரஷ் ஜன்னலைப் பார்க்காது, தெருவைப் பார்க்கும். அதன் கழுத்தை அறுத்துத் திருப்பி, பிளம்பர் எல்போ ஒன்றைச் சொருகி, எம்-சீல் பூசினார். அப்புறம் கூலர் பம்பைக் கழற்றி இதில் மாட்டினார். மேலேயிருந்து கீழே வருகிற தண்ணீருக்குப் பம்பு எதற்கு மாமா என்றேன். "பிரஷர் வேண்டாமா?" என்றார். பம்பில்லாத கூலருக்கு முன்னால் உட்கார்ந்து மாமிக்கு ஏறிய பிரஷரைப் பற்றிப் பேச்சே இல்லை.

  அடுத்தது மீட்டர்.

பிரிட்டனில் உயரத்தில் வேலை செய்வதற்கு 2005-இல் விதிமுறை வந்தபின் ஜன்னல் கழுவுகிறவர்கள் பலர் ஏணியை விட்டு இந்தக் கம்புக்கு மாறினார்கள். கழுவியபின் அவர்கள் துடைப்பதே இல்லை. தண்ணீரில் உப்பை நீக்கிவிடுகிறார்கள். காய்ந்தால் கறை விழாது. கரைந்திருப்பது பத்து பிபிஎம்முக்குள் இருந்தால் நல்லது. இதைக் கேள்விப்பட்ட மாமா கஃபார் மார்க்கெட்டுக்குப் போய் அதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வாங்கிவந்தார். அன்றிலிருந்து இந்தக் கட்டடத்தில் ஈரமாக எதையும் திறந்துவைக்க முடிவதில்லை. போர்வெல் தண்ணீரில் விட்டார். டாங்கரில் விட்டார். பூனைக்கு வைத்த பாலில் விட்டார். என் ரசத்தில் விட்டார். மீட்டர் எண் காட்ட மறுத்துவிட்டது. குடிநீருக்கு இந்தியத் தரநிலை 500, உன் நீர்மோர் எங்கே நிற்கிறது பார் என்று வாசலில் வைத்து விசாரணை. யாரோ ஹரித்வாரிலிருந்து கொண்டுவந்த கங்கைச் சொம்பின் ஈயத்தை உடைத்து அதிலும் விட்டார். போன வாரம் சர்க்கரைத் தண்ணீரில் விட்டார். அந்த மீட்டர் அளப்பது மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை. உப்பு தெரியும், சர்க்கரை தெரியாது. எண் அசையவில்லை. "பார்த்தாயா, சுத்தம்!" என்று மாமியிடம் காட்டிவிட்டுக் குடித்தார். அவருக்குச் சுகர் இருபது வருஷமாக.

இத்தனை அளந்தவர் கடைசியில் கம்புக்கு ஊற்றுவது எது? ஆர்ஓ மெஷின் கழித்துவிடும் தண்ணீர். நல்லதைக் கண்ணாடிக்கு வீணாக்குவார்களா என்கிறார். அந்த மெஷின் நல்ல தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. இப்போது அவர் வீட்டு ஜன்னலிலும் என் வீட்டு ஜன்னலிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. தூசி பரவாயில்லை, துணிக்கு வந்தது. இதற்கு வினிகரும் என் மணிக்கட்டும் வேண்டியிருக்கிறது.

சிரிப்பு நின்றுபோகிற இடம் வேறு. கம்பு அலுமினியம். எங்கள் சந்தில் கை எட்டும் தூரத்தில் மின்கம்பிகள் பின்னிக் கிடக்கின்றன. சொன்னேன். சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறேன் என்றார். கத்தினேன். சரி, கார்பன் ஃபைபர் வாங்குகிறேன் என்றார். அதுவும் மின்சாரம் கடத்தும் மாமா, கண்ணாடி இழைக் கம்புதான் வேண்டும், அதுவும் ஈரமில்லாமல் இருக்கவேண்டும், கம்பிக்குக் கிட்டேயே போகக்கூடாது என்றேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. நம் மாப்புக்குப் பிளாஸ்டிக் பிடிதானே என்றார்.

இரண்டு பேரும் காலையிலிருந்து மாடியில். மாப்பும் மாடியில். நான் வீட்டை எதைக் கொண்டு துடைப்பதாம்?