முள்ளுப் பொறுக்கியின் பதில்கள்

சென்ற இதழில் ஆனைக்கோட்டை அகழ்வுப் பேச்சை எடுத்தது வினையாகப் போய்விட்டது. இந்தக் கிழமைத் தபாலில் முக்கால்வாசி எலும்பு. அரசியல் கேள்விகள் அடுத்த கிழமை வரை ஊறட்டும்.

கேள்வி: பழைய எலும்பைப் பார்த்து அந்தக் காலத்து ஆட்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்லலாமாமே, மெய்யோ?
— மயிலிட்டித் துறையிலிருந்து ஒருவர்

பதில்: சாப்பாட்டோடு அவர்கள் நிற்பதில்லை. எலும்பில் உள்ள வெட்டுத் தழும்பைப் பார்த்து கத்தி கல்லா இரும்பா என்பார்கள். கருகலைப் பார்த்து சுட்டதா என்பார்கள். பல்லின் தேய்மானத்தில் விலங்கின் வயது தெரியும். கடித்த தடம் இருந்தால் மிச்சத்தை நாய்க்குப் போட்டிருக்கிறார்கள், ஆகவே நாய் இருந்திருக்கிறது.

மீனென்றால் இன்னும் வசதி. மீனின் தலைக்குள் காதுக்கல் என்று ஒன்று இருக்கிறது. அதில் மரத்தைப் போல வளையங்கள் விழும். கடைசி வளையத்தைப் பார்த்து எந்தப் பருவத்தில் பிடிபட்டது என்று கணிக்கலாம். எந்த மீன் என்பதை வைத்து வள்ளத்தையே கணிக்கலாம். சூடையும் முரலும் மட்டும் கிடந்தால் ஆள் கரையை விட்டு அதிகம் போகவில்லை. சூரை கிடந்தால் ஆள் சூரன். கிழக்குத் திமோரில் ஜெரிமலாய் என்ற குகையில் 42,000 ஆண்டுப் பழைய படைகளில் சூரை முதலான ஓடுமீன்களின் எலும்புகள் கிடைத்தன. சூ ஓ'கானர் குழுவினர் 2011இல் இதை வெளியிட்டபோது, அவ்வளவு பழைய மனிதனுக்கு ஆழ்கடல் மீன் எப்படி அகப்பட்டது என்று பலர் தலையைச் சொறிந்தார்கள். உங்கள் ஊரில் யாரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்: பசி.

கேள்வி: மயிலிட்டியில் யாராவது தோண்டியிருக்கிறார்களா?
— மேற்படியார்

பதில்: நிறையத் தோண்டியிருக்கிறார்கள். தொல்லியலாளர்கள் அல்லர்.

கேள்வி: கனவில் எலும்பு வந்தால் என்ன பலன்?
— சுன்னாகம் வாசகி

பதில்: இரவில் மச்சத்தைக் குறையுங்கள், வராது.

கேள்வி: எங்கள் மூதாதையர் மச்சம் தொடாத பரம்பரை என்று என் மாமனார் சாதிக்கிறார். எலும்பு என்ன சொல்கிறது?
— தெல்லிப்பழை மருமகன்

பதில்: முதலில் ஒன்று. காணி எழுதி முடியும்வரை மாமனார் சொல்வதே வரலாறு.

எழுதி முடிந்துவிட்டதா? அப்படியானால் கேளுங்கள். தென்னிலங்கையில் பாகியங்கல என்றொரு பெரிய குகை, பாகியன்லென என்றும் சொல்வார்கள். ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே குடியிருந்தவர்களின் அடுப்படிக் கழிவில் பெரும்பகுதி குரங்கும் மர அணிலும். ஆஞ்சநேய பக்தர்கள் பொறுத்தருள்க. மழைக்காட்டின் உச்சிக் கிளையில் தாவும் குரங்கை வீழ்த்துவது தடியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனால் ஆகிற காரியமில்லை. அதற்கு ஆயுதம் வேண்டும். அந்த ஆயுதமும் எலும்பிலேயே கிடைத்தது. குரங்கு எலும்பைத் தீட்டிச் செய்த கூர்முனைகள். அவற்றில் சில அம்பு முனைகள் என்று 2020இல் ஒரு குழு எழுதியது. குரங்கைத் தின்று, அதன் எலும்பில் முனை செய்து, அதனால் அடுத்த குரங்கை அடித்திருக்கிறார்கள். இன்னொரு சங்கதி, அவர்கள் பெரும்பாலும் வளர்ந்த குரங்கையே அடித்தார்கள், குட்டிகளை விட்டுவைத்தார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் கடலில் றோலர் அடிமடி இழுக்கிறவர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லுங்கள்.

இல்லை, அது யாரோ, நாங்கள் தமிழர் என்பார் மாமனார். சரி, கீழடிக்குப் போவோம். அங்கே கிடைத்த எலும்புத் துண்டுகளைப் புனேயிலுள்ள டெக்கான் கல்லூரிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். மாடு, எருமை, ஆடு என்று வரிசை போனது. கூடவே நீலான், வெளிமான், காட்டுப்பன்றி, மயில். சில எலும்புகளில் வெட்டுத் தழும்பும் இருந்தது. ஆனால் மாமனாருக்கும் ஒரு நியாயம் வைக்கவேண்டும். மாட்டெலும்பு கிடந்தால் மாட்டைத் தின்றார்கள் என்று உடனே தீர்ப்பெழுதக் கூடாது. கிழட்டு எருதுகளின் எலும்பே அதிகமென்றால் உழவுக்கும் வண்டிக்கும் வைத்திருக்கிறார்கள். இளம் நாம்பன்களை நேரத்தோடு கழித்துவிட்டு பசுக்களை நெடுநாள் வைத்திருந்தால் அது பால் வீடு. நடுவயதிலேயே எல்லாம் போயிருந்தால் அது கறிச் சட்டி. செபாஸ்தியன் பேய்ன் என்பவர் 1973இல், துருக்கியில் கிடைத்த ஆட்டுத் தாடைகளை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். இன்றுவரை உலகமெங்கும் அதைத்தான் ஓட்டுகிறார்கள்.

ஆக, மாமனாரிடம் தாடை ஏதும் இருந்தால் அனுப்பி வையுங்கள்.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த மீன்?
— காங்கேசன்துறை

பதில்: ஒட்டி. கூழுக்குள் போட்டது.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் டைனோசர் எலும்பு கிடைக்க வாய்ப்புண்டா?
— பள்ளி மாணவன், அளவெட்டி

பதில்: டைனோசர் அழிந்து குறைந்தது நாலு கோடி ஆண்டு கழித்துத்தான் நாம் நிற்கிற சுண்ணாம்புக்கல்லே கடலடியில் படியத் தொடங்கியது. பிந்திப் பிறந்த ஊர், தம்பி.

கேள்வி: இலங்கையில் உண்மையிலேயே சிங்கம் இருந்ததா?
— பெயர் வேண்டாம் என்கிறார்

பதில்: பெயர் வேண்டாம் என்றது புத்திசாலித்தனம். இருந்தது. குருவிற்றையில் கிடைத்த பல்லை வைத்து பி. ஈ. பி. தெரணியகல 1939இல் ஒரு தனிச் சிங்க இனத்துக்குப் பெயரே வைத்தார். இரத்தினபுரிப் பக்கத்து மாணிக்கக் குழிப் படிவுகளில் காண்டாமிருகமும் நீர்யானையும்கூட வந்தன. ஆனால் நாட்டுக் கொடியில் காண்டாமிருகத்தைப் போட்டால் வாளை எந்தக் கையில் பிடிப்பது? கொடியில் நிற்பது முழுச் சிங்கம், மண்ணில் அகப்பட்டது பல். அரசியலில் இந்த விகிதம் மோசமில்லை.

கேள்வி: நெடுந்தீவுக் குதிரைகளின் எலும்பை ஆயிரம் ஆண்டு கழித்து யாராவது தோண்டினால் என்ன எழுதுவார்கள்?
— குறிகாட்டுவானில் படகுக்குக் காத்திருப்பவர்

பதில்: ஐயா, உங்கள் படகு பிந்தட்டும், இப்படிக் கேள்விகள் நிறைய வரட்டும்!

போர்த்துக்கீசர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் பெருக்கிய குதிரைகள் அவை. ஆயிரம் ஆண்டு கழித்துத் தோண்டுகிறவருக்கு ஒல்லாந்தர் கடிதம் கிடைக்காவிட்டால், “நெடுந்தீவை மையமாகக் கொண்ட மாபெரும் குதிரைப்படைப் பேரரசு” என்று முன்னூறு பக்கம் எழுதிவிடுவார். மறுப்பு நூல் நானூறு பக்கம் வரும்.

சிரிக்க வேண்டாம். குதிரை எலும்புக்காக நடந்த சண்டைகளைக் கேட்டால் நான் சொல்வது கற்பனையில்லை என்று தெரியும். குஜராத்தின் கட்ச் பகுதியில் சுர்கோட்டடா என்ற சிந்துவெளிக் காலத்து ஊரை 1970களின் தொடக்கத்தில் தோண்டினார்கள். அங்கே கிடைத்த சில எலும்பும் பல்லும் குதிரையுடையவை என்றார் ஏ. கே. சர்மா. சிந்துவெளிக்காரர் குதிரை வைத்திருந்தார்களா என்பது, ஆரியர் எப்போது வந்தார்கள், வந்தார்களா, வராமல் இங்கேயே இருந்தார்களா என்ற பெரும் வழக்கின் முதல் சாட்சி. அதனால் பல்லைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் கிளம்பினார்கள். ஹங்கேரியிலிருந்து ஷாண்டோர் போக்கொனி என்ற வல்லுநர் வந்து 1991இல் பார்த்துவிட்டு மெய்க் குதிரைதான் என்றார். ரிச்சர்ட் மெடோவும் அஜிதா பட்டேலும் 1997இல், அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். சிக்கல் எங்கே? கட்ச்சின் உப்பு வெளியில் காட்டுக் கழுதை மேய்கிறது, இன்றும். குதிரையின் எலும்பும் காட்டுக் கழுதையின் எலும்பும் அண்ணன் தம்பி போல. துண்டாகக் கிடைத்தால் தாயே தடுமாறுவாள். கர்நாடகத்து ஹள்ளூரிலும் இதே கதை. அங்கே குதிரை என்று சொன்னவர் கே. ஆர். அலூர், தொழிலால் கால்நடை வைத்தியர். எதிர்ப்பு வந்தது. ஆண்டுகள் கழிந்த பிறகும் அவர் சொன்னதை மாற்றவில்லை.

என் கட்சி கால்நடை வைத்தியர் பக்கம். கல்வெட்டுப் படிக்கிறவர்கள் இந்தச் சண்டையில் மூக்கை நுழைக்கும்போது, அவர்களில் எத்தனை பேர் ஒரு கழுதையையாவது கிட்ட நின்று பார்த்திருப்பார்கள் என்று தோன்றும்.

கேள்வி: நம் பக்கத்திலிருந்து முதலில் வெளிநாடு போனவர் யார்?
— ஸ்காபரோவிலிருந்து

பதில்: ஆள் யாரென்று தெரியாது. குரங்கு தெரியும். செங்கடல் ஓரத்தில் எகிப்தின் பழைய துறைமுகம் பெரனிகே; தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானைத் துண்டு கிடைத்த அதே இடம். அங்கே ரோமர் காலத்தில் செல்லப் பிராணிகளுக்கென்றே ஒரு மயானம் இருந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான பூனை, நாய்களோடு இந்தியாவிலிருந்து கப்பலேறிய குரங்குகளையும் மரியாதையாகப் புதைத்திருக்கிறார்கள். விசா இல்லாமல் போய், வேலை செய்யாமல் சாப்பிட்டு, நல்லடக்கமும் பெற்ற பயணி வேறு யார்?

கேள்வி: பூனை எப்போது மனிதனோடு சேர்ந்தது?
— பருத்தித்துறை வாசகி

பதில்: பூனை மனிதனோடு சேரவில்லை அம்மா, மீனோடு சேர்ந்தது. என்றாலும் சைப்பிரஸ் தீவில் 9,500 ஆண்டுக்கு முந்திய ஒரு புதைகுழியில் ஆளுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனை கிடந்தது. அந்தத் தீவில் பூனை இயற்கையாக இருந்ததில்லை. யாரோ வள்ளத்தில் ஏற்றிப் போயிருக்கிறார்கள். கடலோடியின் முதல் தவறு.

கேள்வி: கோழி முதலா, முட்டை முதலா?
— பல ஆண்டுகளாக இதையே கேட்கும் சங்கானை அன்பர்

பதில்: முட்டைக்கு எலும்பில்லை, ஆகவே இந்தப் பத்தியில் கோழி. வீட்டுக் கோழியென்று நம்பிச் சொல்லக்கூடிய மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தின் பான் நொன் வாட் என்ற ஊரில் கிடைத்தவை, கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டவை. நெல்லும் தினையும் விளைந்த இடத்துக்குக் காட்டுக்கோழி தானாக இரை பொறுக்க வந்திருக்கிறது.

எனக்குக் கவலை அடுத்த முனை. இப்போது உலகில் எந்நேரமும் உயிரோடு நிற்கும் கோழிகள் ஏறத்தாழ 2,300 கோடி. 1950களின் கோழிக்கும் இன்றைய ப்ரொய்லருக்கும் பாரத்தில் நாலைந்து மடங்கு வித்தியாசம். எலும்பின் வடிவமே மாறிவிட்டது. நம் காலத்தை அடையாளம் காட்டப்போவது இந்த எலும்புதான் என்று 2018இல் விஞ்ஞானிகளே எழுதினார்கள். கோயில் கட்டினோம், நூலகம் கட்டினோம். எஞ்சப்போவது கொத்துரொட்டிக் கடைப் பின்பக்கம். ஊர்க்கோழி வளர்க்கும்படி நான் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்!

கேள்வி: எலும்பு பொறுக்கி நாட்டுக்கு என்ன லாபம்?
— கொழும்பு 7

பதில்: கொழும்பு 7இல் இருந்து வேறென்ன கேள்வி வரும். மண்ணிலிருந்து எலும்பு வந்தால் முதலில் கேட்பது மனிதருடையதா, விலங்கினுடையதா என்று. அதைப் பிழையின்றிச் சொல்லத் தெரிந்தவர் வேண்டும். 2025இல் செம்மணி மனிதப் புதைகுழியை நீதிமன்றத்தின் பார்வையில் தோண்டியபோது, குழியில் தூரிகையோடு இருந்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ராஜ் சோமதேவ, தொல்லியல் பேராசிரியர். லாபக் கணக்கை அங்கே பிள்ளைகளைத் தேடிக் காத்துநின்ற தாய்மாரிடம் கேளுங்கள்.

கேள்வி: 1990 ஆனியில் எழும்பிப்போன நாங்கள், 2017இல் இராணுவம் துறைமுகப் பக்கத்தை விட்ட பிறகுதான் வந்தோம். எங்கள் வளவைத் தோண்டினால் அந்த 27 வருடம் மண்ணில் தெரியுமா?
— மயிலிட்டி, பேரப்பிள்ளைகளோடு திரும்பிய ஒருவர்

பதில்: தெரியும் அம்மா.

உங்கள் குசினிக்குப் பின்னால் குப்பை கொட்டிய இடத்தை எடுத்துக்கொள்வோம். அடியில் பல தலைமுறை மீன்முள்ளும் நண்டுக்கோதும் கணவாய் ஓடும் நெருக்கமாகக் கிடக்கும். இலங்கையின் பெரிய மீன்பிடித் துறைகளில் ஒன்றாக இருந்த ஊர். அந்தப் படை தடிப்பாக இருக்கும். பிறகு ஓரிடத்தில் முள் நின்றுவிடும். அதற்கு மேலே இலைச் சருகு மக்கிய மண், வேர், நத்தை ஓடு. கூரை போன வீட்டில் ஆந்தை குடியேறும். அது விழுங்கிக் கக்கிய உருண்டைகளிலிருந்து எலி, ஓணான் எலும்புகள் சுவரோரம் சேரும். இதைப் பார்த்த எலும்பு வல்லுநர் எந்த நாட்டிலும் ஒன்றைத்தான் எழுதுவார்: இங்கே ஆட்கள் இல்லை. ஏன் இல்லை என்பதை எலும்பு சொல்லாது. அதை நீங்கள்தான் சொல்லவேண்டும், எழுதியும் வைக்கவேண்டும்.

அந்த 27 வருடத்து முள் வேறிடத்தில் கிடக்கிறது, இடம்பெயர்ந்தோர் முகாம்களின் குப்பைக் குழிகளில். கடலைப் பார்த்து வளர்ந்தவர்கள் சந்தையில் மீனுக்குக் காசு கொடுத்த காலம் அது. பிறகு மேற்படையில் மறுபடி முள் தொடங்கும். இம்முறை ஷாம்பூப் பைக்கற்றுகளோடு. அந்தத் தொடக்கம் எல்லா வளவிலும் ஒரே மட்டத்தில் இராது. வலிகாமம் வடக்கில் இன்னும் விடுபடாத காணிகளில் அது தொடங்கவே இல்லை.

கேள்வி: வீடு கட்ட அத்திவாரம் வெட்டும்போது சிப்பியும் ஓட்டுத் துண்டும் எலும்பும் வருகின்றன. என்ன செய்வது?
— மயிலிட்டி

பதில்: வேலையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ் பல்கலைக்கழகத்தார் இந்திரபாலா தலைமையில் தோண்டியதில் எல்லாரும் அங்கே கிடைத்த முத்திரையைப் பற்றியே எழுதினார்கள். பிணத்தோடு வைத்த சட்டியில் என்ன இருந்தது என்று கேட்டவர் குறைவு. வேலணையில் அண்மையில் ஒரு சிப்பிப் படைக்குள் மூவாயிரம் ஆண்டைத் தாண்டிய குடியிருப்புத் தடயமும் படிகக்கல் ஆயுதங்களும் வந்தன. அந்தக் கல் நம் குடாநாட்டுக் கல்லே அல்ல, யாரோ கொண்டுவந்தது. சிப்பிக் குவியலென்று வாரிக் கொட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

ஆகவே, பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள். எத்தனை அடி ஆழம் என்று குறியுங்கள். கழுவாதீர்கள். மேல்மண்ணில் வந்ததையும் அடிமண்ணில் வந்ததையும் ஒரே பையில் போடாதீர்கள். மண்ணை அரிதட்டில் அரியுங்கள். கண்ணுக்கு முழு எலும்புதான் படும், சூடை முள் படாது. பிறகு யாழ் பல்கலைக்கழகத் தொல்லியல்காரருக்கோ தொல்லியல் திணைக்களத்துக்கோ அறிவியுங்கள். மனித எலும்பென்று சந்தேகம் வந்தால் கையே வைக்காமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். இதையெல்லாம் மேசனிடமும் முதல்நாளே சொல்லி வையுங்கள். சிப்பியைக் கண்டதும் சுண்ணாம்புக்காகும் என்று அள்ளிப் போகிறவர் அவர்தான்.