சிவப்புச் சட்டைக்கு ஆயுசு கம்மி

ஸ்டார் டிரெக்கை முதல் தடவையாகப் பார்க்கிறவர்களை எங்கள் கோஷ்டியில் சேர்ப்பதில்லை. அவர்கள்மேல் கோபமெல்லாம் கிடையாது. அவர்களுக்குக் கதைமேல் கண், அதுதான் தொந்தரவு. "அடுத்து என்ன ஆகும்?" என்பார்கள். "ஐயோ, கேப்டன் செத்துடுவாரா?" என்று பதறுவார்கள். 1966 செப்டம்பர் 8-ல் தொடங்கி 1969 ஜூன் 3-ல் முடிந்துபோன தொடர். மொத்தம் 79 எபிசோடு. கேப்டன் கிர்க் சாகமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். அதற்குப் பதற எங்களுக்கு நேரமில்லை. டாக்டர் மெக்காய் கையில் வைத்திருப்பது எந்த உப்புக் குடுவை என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருப்போம்.

உப்புக் குடுவைதான். ஒளிபரப்பான முதல் எபிசோடில் மனித உடம்பிலிருந்து உப்பை உறிஞ்சும் ஒரு பிராணி வருகிறது. அதற்காக இருபத்து மூன்றாம் நூற்றாண்டுக்குத் தோதாக விசித்திரமான குடுவைகளைத் தேடிப்பிடித்து வாங்கினார்கள். வாங்கி வந்த பிறகு, இதைப் பார்த்தால் உப்புக் குடுவை என்று ஒருத்தருக்கும் தெரியாதே என்று உறைத்தது. சாதாரணக் குடுவையை வைத்துக் காட்சியை எடுத்தார்கள். விசித்திரக் குடுவைகளைத் தூக்கிப்போட மனசு வராமல் டாக்டரிடம் கொடுத்து, அறுவை சிகிச்சைக் கருவி என்று சொல்லிவிட்டார்கள். முதல் தடவை பார்க்கிறவன் வருங்கால மருத்துவத்தைக் கண்டு வியப்பான். நாங்கள் மிளகுப் பொடி எங்கே என்று தேடுவோம்.

கோஷ்டி பெரிதில்லை. மாமா, பொதுத்துறை வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடமும் டிவியும் அவருடையது. மாமி, முதலில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தவர். பிறகு காபியோடு நின்று பார்த்தார். இப்போது நடுச் சோபா அவருடையது, காபி மாமாவின் பொறுப்பு. அடுத்தவர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்திய சார். பிறகு நான்.

எண்பதுகளில் தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைப் போட்ட காலத்து ஆட்கள் நாங்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் கறுப்பு வெள்ளை டிவி. அதனால் ஒரு பெரிய ரகசியம் பல வருஷம் தெரியாமலே போயிற்று. கிர்க், ஸ்பாக், மெக்காயுடன் பெயர் தெரியாத ஒரு பையன் கிரகத்தில் இறங்குவான். அவன் சட்டை சிவப்பாக இருந்தால் ஐந்து நிமிஷத்துக்குமேல் தாங்கமாட்டான். பாதுகாப்புப் பிரிவுக்கும் இன்ஜினியரிங்குக்கும் சிவப்பு, விஞ்ஞானத்துக்கும் மருத்துவத்துக்கும் நீலம். தொடரை ஒளிபரப்பிய என்பிசியின் தாய் நிறுவனமான ஆர்சிஏ அன்றைக்குக் கலர் டிவி விற்றுக்கொண்டிருந்தது, சட்டைகள் பளபளத்ததில் ஆச்சரியமில்லை. எங்கள் பெட்டியிலோ எல்லாரும் சாம்பல். யார் போவான், யார் பிழைப்பான் என்று கடைசிவரை திக்திக்தான். கலர் டிவி வாங்கிய வீடுகளில் சஸ்பென்ஸ் செத்தது. தவணை கட்டி அதைக் கெடுத்துக்கொண்டார்கள்.

கிர்க்கின் சட்டை என்ன நிறம் என்பது தனி வழக்கு. டிவியில் மஞ்சள். தைத்த துணி பச்சை சாயல் கொண்டது, விளக்கு வெளிச்சத்தில் படமாகும்போது மஞ்சளாகிவிட்டது. சார் இதை ஒளியின் அலைநீளம், ஃபிலிமின் உணர்திறன் என்று கரும்பலகை இல்லாமலே விளக்க ஆரம்பித்தார். மாமி நடுவில் புகுந்து, "இதுக்கு எதுக்கு சார் இவ்வளவு? பட்டுப்புடவையைக் கடை லைட்டுல பாத்து வாங்கக்கூடாதுன்னு எங்கம்மா சொல்வா. வாசலுக்கு எடுத்துண்டு போய் வெயில்ல பாக்கணும். அந்த டைரக்டர் பாக்கலை" என்று முடித்துவைத்தார். மேல்முறையீடு இல்லை.

ஆனால் எந்த வரிசையில் பார்ப்பது என்ற வழக்கு மட்டும் தீராது. ஒளிபரப்பான வரிசை ஒன்று, படமெடுத்த வரிசை இன்னொன்று. உப்புப் பிராணி கதை எடுத்ததில் ஆறாவது, ஒளிபரப்பில் முதலாவது. பூதம் வருகிற கதையை முதலில் காட்டினால் கூட்டம் சேரும் என்று என்பிசி கணக்குப் போட்டது. அதற்கு முன்பே எடுத்த ஒன்று மூன்றாவது வாரம் வந்தது. அதில் உடுப்பு வேறு, டாக்டர் வேறு, தகவல் தொடர்பு அதிகாரி ஊஹுராவே கிடையாது. கல்லறைக் கல்லில் கேப்டன் பெயருக்கு நடுவே 'ஆர்' என்று செதுக்கியிருக்கும். பின்னால் அவர் ஜேம்ஸ் 'டி' கிர்க் ஆகிவிட்டார். சார் ஒளிபரப்பு வரிசைக் கட்சி. "ஜனங்க எப்படிப் பாத்தாங்களோ அப்படித்தான் பாக்கணும், அதுதான் வரலாறு" என்பார். மாமா படப்பிடிப்பு வரிசை. "வவுச்சர் தேதிப்படிதான் லெட்ஜர் எழுதணும். ரெண்டாவது வாரம் வரைக்கும் டூட்டில இருந்த டாக்டர் மூணாவது வாரம் எங்கே போனார்? லீவ் லெட்டர் கொடுத்தாரா?" என்பார். மெக்காய் மெடிக்கல் லீவில் போயிருக்கலாம் என்று நான் சமாதானம் சொன்னேன். டாக்டருக்கு மெடிக்கல் லீவா என்று இரண்டு கட்சியும் சேர்ந்து என்மேல் பாய்ந்தன. அன்றைக்கு அது ஒன்றுதான் ஏகமனதாக நடந்தது.

2006-லிருந்து விண்கலம் பறக்கும் காட்சிகளைக் கம்ப்யூட்டரில் புதிதாகச் செய்து ஒட்டியும் வெளியிட்டார்கள். அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம். மாமா வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தால் காபி வராது.

மாமாவுக்கு இந்தத் தொடரில் பிடித்ததே சிக்கனம்தான். ஒவ்வொரு கிரகத்திலும் விண்கலத்தைத் தரையிறக்கிக் காட்டப் பணம் பத்தாது என்பதால்தான் ஆளையே கரைத்துக் கீழே அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர் பிறந்தது. கரையும்போது மின்னுகிறதே, அது அலுமினியப் பொடி. கேமராவுக்கு முன்னால் பலமான வெளிச்சத்தில் தூவி எடுத்தது. "பட்ஜெட் கொடுத்திருந்தா இவனுங்க வெறும் ராக்கெட்தான் விட்டிருப்பானுங்க" என்று மாமா மெச்சுவார். சொல்லும்போது அந்தக் காலத்து ரீஜனல் ஆபீஸ் அவர் கண்ணில் தெரியும்.

டிரிபிள்கள் வரும் எபிசோடில்தான் சாருக்கும் மாமாவுக்கும் ராசி. பஞ்சு உருண்டை மாதிரிப் பிராணிகள், தின்னும், குட்டி போடும், வேறு ஜோலி இல்லை. தானியக் கிடங்கின் கதவைத் திறந்தால் அத்தனையும் கிர்க் தலையில் கொட்டும். ஸ்பாக் நின்ற இடத்தில் கணக்குச் சொல்வார்: 17,71,561. ஒன்றில் தொடங்கி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தலைமுறை, தலைக்குப் பத்துக் குட்டி, மூன்று நாள். சார் படத்தை நிறுத்திவிட்டு, "தாயோட சேத்து பதினொண்ணு. ஆறு தலைமுறை. பதினொண்ணின் அடுக்கு ஆறு. பைசா சுத்தமா வருது பாருங்க" என்று கண் கலங்குவார். மாமா பேனா எடுக்காமலே, "அரை நாளைக்கு ஆயிரம் பர்சென்ட் வட்டி. மீட்டர் வட்டிக்காரன்கூட வெக்கப்படுவான்" என்பார். கொட்டி முடித்த பிறகும் ஒன்றிரண்டு கிர்க் தலையில் விழுந்துகொண்டே இருக்குமே, மேலே நின்று வீசிய ஆட்களுக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். கிர்க்காக நடித்த ஷாட்னர் முகத்தில் தெரியும் அலுப்பு நடிப்பில்லை என்பது மாமியின் கட்சி.

அதே எபிசோடில் இன்ஜினியர் ஸ்காட்டி இரண்டு கையாலும் டிரிபிள்களை அள்ளிக்கொண்டு நிற்பார். அங்கேயும் நிறுத்துவோம். அந்த வலது கையில் நடுவிரல் இல்லை. ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹன் கனடா ராணுவத்தில் இருந்தவர். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் ஜூனோ கடற்கரையில் இறங்கினார். அன்று இரவு சொந்தப் படை ஆளே பதற்றத்தில் சுட்டதில் விரல் போயிற்று. மார்புக்கு வந்த குண்டைச் சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டி தடுத்தது. தொடரில் பெரும்பாலும் அந்தக் கையை மறைத்தே வைத்திருந்தார். நாங்கள் தேடிக் கண்டுபிடித்தோம் என்று பெருமைப்படுவது கொஞ்சம் அசிங்கம்தான், இருந்தாலும் அந்த இடத்தில் யாரும் ஜோக் அடிப்பதில்லை.

ஸ்காட்டியும் சிவப்புச் சட்டைதான், ஊஹுராவும் சிவப்புதான். பெயர் இருப்பதால் தப்பிக்கிறார்கள். நோமாட் என்ற இயந்திரம் வரும் எபிசோடில் ஸ்காட்டி செத்தே போகிறார். இயந்திரமே ரிப்பேர் செய்து எழுப்பிவிடுகிறது. ஊஹுராவின் மூளையை அது துடைத்துவிட, நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வகுப்புப் பாடத்திலிருந்து சொல்லிக்கொடுக்கிறார். அடுத்த வாரம் ஊஹுரா வழக்கம்போல ஆபீசில். "ஒரே வாரத்துல படிச்சு முடிச்சு வேலைக்கும் வந்துட்டாளா? எந்த டியூஷன் சென்டர்னு கேளுங்கோ, நம்ம பேரனைச் சேக்கலாம்" என்றார் மாமி.

நியூயார்க்கில் 1930-களில் நடக்கும் எபிசோடு வந்தால் மட்டும் சண்டை வேறு தினுசு. ஹார்லன் எலிசன் எழுதியது, 1968-ல் ஹியூகோ விருது வாங்கியது. எடித் கீலர் என்ற நல்லவள் லாரியில் அடிபட்டுச் சாகாவிட்டால் வரலாறே தலைகீழாகிவிடும். காப்பாற்றப் பாய்கிற மெக்காயை, அவளைக் காதலிக்கும் கிர்க்கே பிடித்து நிறுத்துகிறார். சரியா, தப்பா? சார் சரி என்பார், மாமா தப்பு என்பார். "மறைஞ்சு நின்னு வாலியைக் கொன்னது சரியான்னே இன்னும் பட்டிமன்றம் முடியலை. நீங்க ரெண்டு பேரும் வரிசையில நில்லுங்கோ" என்பார் மாமி.

இனி கான். இதில் நமக்குச் சொந்தப் பாத்தியதை உண்டு. 1967 பிப்ரவரியில் வந்த எபிசோடு. இருநூறு வருஷத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கும் கான் நூனியன் சிங்கைப் பார்த்து, வட இந்தியர், சீக்கியராக இருக்கலாம் என்று கப்பலின் வரலாற்று நிபுணர் ஊகிக்கிறார். தாடி இல்லை, தலைப்பாகை இல்லை, நடித்த ரிக்கார்டோ மொண்டல்பான் மெக்சிகோக்காரர். வரலாற்று நிபுணருக்கு அது போதும். 1992 முதல் 1996 வரை ஆசியாவிலிருந்து மத்திய கிழக்கு வரை உலகத்தில் கால்வாசிக்கு மேல் ஆண்டவராம் கான்.

இதைக் கேட்டதும் நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அப்படியானால் நாமெல்லாம் அவருடைய பிரஜைகள். சன் டிவி 1993-ல் தொடங்கியது கானின் ஆட்சியில். 'ரோஜா' அவர் பட்டத்துக்கு வந்த வருஷம், 'பாட்ஷா' அவர் காலத்துப் பொங்கல் ரிலீஸ். மரபணு மாற்றிய சர்வாதிகாரி தலைக்குமேல் உட்கார்ந்திருக்க, நாம் ஆட்டோக்காரன் பாட்டுக்கு விசிலடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். "அந்தச் சமயத்துல ரேஷன்ல பாமாயில் ஒழுங்கா வந்துண்டிருந்தது. அது இவர்தானா?" என்று மாமி கொஞ்சம் மரியாதையோடு திரையைப் பார்த்தார்.

1982-ல் கான் சினிமாவில் திரும்பி வந்தார். செக்காவைப் பார்த்ததும் உன் முகத்தை மறப்பேனா என்கிறார். எங்கே பார்த்தார்? செக்காவ் தொடருக்கு வந்ததே இரண்டாவது சீசனில். கான் வந்தது முதல் சீசன். ரசிகர்கள் இதை வைத்து வருஷக்கணக்கில் மல்லுக்கட்ட, செக்காவாக நடித்த வால்டர் கோனிக்கே ஒரு விளக்கம் சொல்லித் திரிந்தார்: செக்காவ் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டதால் கான் கழிப்பறை வாசலில் வெகுநேரம் நிற்க வேண்டியதாயிற்று, அதனால்தான் முகம் மறக்கவில்லை. ஒரே பாத்ரூம் உள்ள ஒண்டுக் குடித்தனத்தில் வளர்ந்த எனக்கு இதில் எந்தச் சந்தேகமும் எழவில்லை.

2013 படத்தில் கான் வெள்ளைக்காரர் ஆனார், பெனடிக்ட் கம்பர்பேட்ச். ஒரு புதிய தொடரின் 2023 எபிசோடில் அவர் டொரோன்டோவில் சின்னப் பையன். தொண்ணூறுகளில் ஆட்சி எதுவும் நடக்காததால் பிறந்த தேதியையே தள்ளிவைத்துவிட்டார்கள். மாமா கையைத் தட்டி, "கேஒய்சி செல்லாது" என்றார்.

நிஜமான இந்தியர் ஒருவரும் வந்தார். 1979-ல் வந்த முதல் சினிமாவில் பெர்ஸிஸ் கம்பாட்டா, 1965-ன் மிஸ் இந்தியா. படத்துக்காக முழு மொட்டை. எந்தக் கோயில் வேண்டுதல் என்று மாமி விசாரித்தார். நாங்கள் யோசித்து, பழனி என்றோம்.

இப்போது மூன்றாவது சீசனில் நிற்கிறோம். இரண்டோடு நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு கிளம்பியபோது ரசிகை பிஜோ டிரிம்பிளும் அவர் கணவரும் ரசிகர்களைத் திரட்டிக் கடிதமாக எழுதிக் குவிக்க வைத்தார்கள். தொடர் நீடிக்கும் என்று என்பிசி ஒளிபரப்பிலேயே அறிவித்தது. உடனே நன்றிக் கடிதங்கள் குவிந்தன. பழிவாங்கின மாதிரி வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளி, பட்ஜெட்டையும் வெட்டினார்கள். "புரமோஷன் கொடுத்துத் தண்ணியில்லாக் காட்டுக்கு அனுப்பறது" என்றார் மாமா. அனுபவசாலி.

அந்த சீசனின் முதல் ஒளிபரப்பு, 1968 செப்டம்பர் 20, ஸ்பாக்கின் மூளை திருட்டுப் போகும் கதை. தொடரிலேயே மோசம் என்று பெயரெடுத்தது. மூளை இல்லாத ஸ்பாக்கை மெக்காய் ரிமோட்டை அழுத்தி நடக்க வைப்பார். கடைசியில் மூளையைத் திரும்பப் பொருத்தும்போது, பாதியில் பேச்சு வந்துவிட்ட ஸ்பாக், படுத்தபடியே டாக்டருக்கு வழி சொல்வார். சாருக்கு இதைப் பார்த்தால் ரத்த அழுத்தம் ஏறும். மாமிக்கு உயிர். வைத்தியருக்கே வைத்தியம் சொல்லும் ஒருவரோடு குடித்தனம் நடத்துகிறவராம்.

போன சனிக்கிழமை அதுதான் முறை. மாமி ரிமோட்டை எடுத்தார். சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "யோசிச்சுப் பாத்தேன். மாமா சொல்ற படப்பிடிப்பு வரிசையிலயும் நியாயம் இருக்கு. அதன்படி இது இந்த சீசன்ல ஆறாவதுதான். முன்னாடி அஞ்சு இருக்கு, அதையெல்லாம்..." என்று இழுத்தார். மாமா வாயைத் திறந்தார். தன் கட்சிக்கு ஆள் சேர்ந்த சந்தோஷம் முகத்தில் வருவதற்குள், மாமி கண்ணாடிக்கு மேலாகச் சாரைப் பார்த்தார்.

"கட்சித்தாவல் தடைச் சட்டம் இருக்கு சார். பேசாம உக்காருங்கோ."

பட்டனை அமுக்கிவிட்டார்.