சயான் கணவாய்: ஒரு திணைமயக்க ஆய்வு

மலைக் கணவாய்களைச் சைக்கிளில் கடப்பதைப் பற்றி ஐரோப்பியர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் ஏற்றங்களுக்கு நான்கிலிருந்து ஒன்று வரை தரம் கொடுப்பார்கள். அதற்கும் அடங்காத ஏற்றங்களைத் தரத்துக்கு அப்பாற்பட்டவை என்று தனியே வைப்பார்கள். மலையில் முந்துகிறவருக்கு 1975 முதல் சிவப்புப் புள்ளி போட்ட வெள்ளைச் சட்டை. இவ்வளவு பெரிய இலக்கியத்தில் சயான் கணவாயைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பசியோடு படிப்பவருக்கு வேறு நோக்கமும் தென்படலாம். அதற்கு ஆய்வாளர் பொறுப்பல்ல.

சயானில் ஏது மலை என்று கேட்பவர் அந்த ஸ்டேஷனில் இறங்கி வெளியே வராதவராகத்தான் இருக்க வேண்டும். கூம்பு வடிவில் அங்கே ஒரு குன்று நிற்கிறது. ஜெரால்ட் ஆஞ்சியர் பம்பாய் கவர்னராக இருந்த காலத்தில், 1669-க்கும் 1677-க்கும் இடையில், கிழக்கிந்தியக் கம்பெனி அதன் உச்சியில் ஒரு கோட்டையைக் கட்டியது. கழிக்கு இந்தப் பக்கம் ஆங்கிலேயரின் பரேல் தீவு, அந்தப் பக்கம் போர்ச்சுக்கீசியரின் சாஷ்டி. இரண்டு ராஜ்ஜியங்களுக்கு நடுவே, குன்றின் காலடியில் ஒரு வழி. கைபர் கணவாய்க்கும் இதற்கு மேல் என்ன தகுதி? உயரத்தில் சிறு வித்தியாசம் உண்டு. அதை ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டதாகக் கருதி ஒதுக்குகிறேன்.

கணவாயின் உச்சியாக இருந்தது 1912-இல் கட்டிய ரயில் மேம்பாலம். தாராவியிலிருந்து வருபவர் தண்டவாளத்துக்கு மேலே ஏறி இறங்கினால் சயான் கிழக்கு. அங்கிருந்து தெற்கே மாட்டுங்கா, கிழக்கே செம்பூர். ஆல்ப்ஸ் கணவாய்களைக் குளிர்காலத்தில் பனி மூடும், வெயில் வந்தால் திறக்கும். சயான் கணவாயை 2024 ஆகஸ்டில், பாலத்துக்கு வயதாகிவிட்டது, இடித்துக் கட்ட வேண்டும் என்று மூடினார்கள். பனி உருகும் மாதத்தையாவது பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இனி, திறந்திருந்த நாளெல்லாம் இக்கணவாயைக் கடந்தவர். தாராவியில் நள்ளிரவு தாண்டி மாவு அரைத்து, விடியுமுன் இட்லி அவித்து, கறுப்புச் சைக்கிளில் கிளம்பும் நம்மூர்க்காரர். மும்பை முழுவதற்கும் அவர் 'அண்ணா'. பெயர் சொல்லிக் கூவ மாட்டார். ரப்பர் ஹாரனைப் பாம் பாம் என்று அமுக்குவார். பின்கேரியரில் துணி சுற்றிய இட்லியும் மெதுவடையும் நிறைந்த அலுமினிய அண்டா. ஹேண்டில்பாரின் ஒரு பக்கம் சட்னித் தூக்கு, மறுபக்கம் சாம்பார்த் தூக்கு. சட்னி மட்டும் வேகமாகத் தீர்ந்தால் வண்டி சாம்பார்ப் பக்கம் இழுக்கும். கேட்காமலே சாம்பாரை ஊற்றுவது விருந்தோம்பலால் அல்ல, எடைச் சமநிலைக்காகவே என்பது என் துணிபு.

திணையைப் பார்ப்போம். நகரமோ நெய்தல். மேம்பாலம் ஏறுவது குறிஞ்சியில் சேருமா? தொல்காப்பியர் திணைமயக்கத்தை ஒத்துக்கொண்டவர்; நிலம் மட்டும் ஒன்றோடொன்று மயங்காது என்று ஒரு நிபந்தனை வைத்தார். ஏழு தீவுகளுக்கு நடுவே கடலைத் தூர்த்து மனை போட்டதை அவர் பார்க்கவில்லை. மற்றபடி இலக்கணம் அப்படியே பொருந்துகிறது. குறிஞ்சிக்குரிய சிறுபொழுது யாமம்; கிரைண்டர் ஓடுவதும் அப்போதுதான். குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். அது இட்லி சட்னியோடு புணர்வதையே குறித்தது என்று நான் உரை காண்கிறேன். நச்சினார்க்கினியர் ஒப்பமாட்டார். அவருக்குத் தெரிந்த இட்லிக்காரர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒப்பீட்டுக்காகப் போர்காட் மலைவழிக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு வாஷி பாலத்தைத் தாண்டி, பன்வேல், கோபோலி வழியாகக் கண்டாலாவுக்கு ஏறும் மும்பைச் சைக்கிள்காரர்களுக்கு மலை என்றால் இதுதான். 2002-இல் திறந்த விரைவுச்சாலையில் இருசக்கர வண்டிக்கு இடமில்லை. எனவே பழைய சாலை. சர் ஜான் மால்கம் கவர்னராக இருந்தபோது, 1830-இல், வண்டிகள் ஏறும்படி திறந்துவிட்ட பாதை அது. 1863-இல் ரயிலும் அந்த மலையில் ஏறிவிட்டது.

வழி கண்டவர் யார் என்பதில் ஒரு கதை உண்டு. மலையில் பாதை புலப்படாமல் வெள்ளைக்காரப் பொறியாளர்கள் திணறியபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிங்ரோபா தன் மந்தை போகும் தடத்தைக் காட்டினாராம். என்ன பரிசு வேண்டும் என்று கேட்டதற்கு, நாட்டை விட்டுப் போங்கள் என்றாராம். சுட்டுக் கொன்றுவிட்டார்களாம். பழைய சாலையில் அவருக்குக் கோவில் இருக்கிறது. லாரிக்காரர்கள் காசு போட்டுவிட்டுப் போகிறார்கள். வழி கண்டுபிடித்தவருக்கு இதுதான் கதி என்றால், சயான் கணவாயைக் கண்டுபிடித்த இக்கட்டுரையாளர் பரிசு எதுவும் கேட்கப்போவதில்லை.

அதே மலையில் 1830-இல் கட்டிய ஒரு பாலத்துக்கு, அங்கே வைத்திருந்த விளம்பரத்தால், அமிர்தாஞ்சன் பாலம் என்று பெயர் வந்தது. 1893-இல் பம்பாயில் பிறந்து, பிறகு சென்னைக்குக் குடிபோன அதே தைலம்தான். ஏற்றம் முடியும் இடத்தில் தலைவலி மருந்தின் பெயர் நின்றதைவிடப் பொருத்தமான பெயர்சூட்டல் ஐரோப்பிய மலைகளில் இல்லை. 2020 ஏப்ரல் ஊரடங்கில் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். தலைவலி அப்படியே இருக்கிறது.

மும்பை–புனே சைக்கிள் பந்தயத்தில் போர்காட்டை முதலில் ஏறி முடிப்பவருக்குக் 'காட்டாச்சா ராஜா', அதாவது மலைவழியின் அரசன், என்று பட்டம் கொடுப்பார்கள். அந்தப் பட்டம் யாருக்கு உரியது என்பதே நம் ஆய்வின் மையக் கேள்வி. கணக்கைப் பார்ப்போம்.

சர்வதேசப் பந்தயங்களில் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழே போகக்கூடாது என்று விதி. அதற்குக் கீழே போய்விடுமோ என்ற கவலை அண்ணாவுக்கு வந்ததில்லை; அவருடைய வண்டி மட்டும் 20 கிலோவைத் தாண்டும். பந்தயச் சைக்கிளில் முன்னே 34 பல், பின்னே 32 பல் போட்டால் ஒரு மிதிக்கு வண்டி 2.2 மீட்டர் நகரும். ஏற்றத்தில் கால் நோகாது. கறுப்புச் சைக்கிளில் பெரும்பாலும் முன்னே 44, பின்னே 18. ஒரு மிதிக்கு 5.4 மீட்டர். மாற்றிக்கொள்ள இன்னொரு கியர் கிடையாது. டூர் தெ பிரான்ஸிலும் 1937 வரை கியர் மாற்றியை அனுமதிக்கவில்லை. ஆக, பந்தயத்தின் வீரயுகத்தை இன்றும் அப்படியே காப்பாற்றி வருவது தாராவி ஒன்றுதான்.

அடுத்து இட்லித் தேற்றம். ஆள் 60 கிலோ, வண்டி 22, அண்டாவும் தூக்குகளும் 30, மொத்தம் 112 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மேம்பாலத்தின் ஏற்றம் 8 மீட்டர் என்போம். ஏற்றுவதற்கு மட்டும் தேவையான ஆற்றல் சுமார் 2.1 கிலோகலோரி. மனிதத் தசை உண்டதில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். எனவே செலவு 8.4. ஓர் இட்லிக்கு 45 கிலோகலோரி என்று கொண்டால், ஓர் இட்லியில் ஐந்து மேம்பாலம் ஏறலாம், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். சட்னியைக் கணக்கில் சேர்க்கவில்லை. மாட்டுங்காவில் 1939 முதல் நடக்கும் ராம் ஆஷ்ரயாவில், சவாரி முடித்து இறுக்கமான உடையில் வந்து உட்காருகிறவர்கள் எத்தனை மேம்பாலத்துக்கான இட்லியை உள்ளே தள்ளுகிறார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

தினம் நான்கு மேம்பாலம் ஏறுகிறார் என்றால் 277 நாட்களில், சுமார் ஒன்பது மாதத்தில், எவரெஸ்டின் 8,849 மீட்டர் முடிந்துவிடும். ஒரே மேட்டில் திரும்பத் திரும்ப ஏறி அந்த உயரத்தை எட்டுவதை மேல்நாட்டில் எவரெஸ்டிங் என்று விழாவாகக் கொண்டாடுகிறார்கள். அவர்கள் வடை கொண்டுபோவதில்லை.

'அவர் ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதானே போகிறார், அது எப்படிச் சைக்கிளேற்றம் ஆகும்?' என்று மறுப்பு எழலாம். வலுவான மறுப்புதான். 1910-இல் டூர் தெ பிரான்ஸ் முதன்முதலாக 2,115 மீட்டர் உயர டூர்மலே கணவாயை ஏறியது. முதலில் உச்சியை அடைந்த ஒக்தாவ் லாபீஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டும் நடந்தார். அந்த ஆண்டுப் பந்தயத்தையே அவர்தான் வென்றார். இறங்காமல் மிதித்து ஏறிய கரிகூவுக்கு 100 பிராங்க் சன்மானம் கிடைத்தது, பட்டம் கிடைக்கவில்லை. தள்ளுவது ஏற்றமே என்று பிரான்ஸ் தீர்ப்புச் சொல்லி நூறாண்டுக்கு மேல் ஆகிறது. மேல்முறையீடு இல்லை.

மாட்டுங்காக் கிளைக் கணவாயை விரைவாகக் கடக்கிறேன். அங்கே நானாலால் மேத்தா மேம்பாலத்தின் அடியில் 2016-இல் ஒரு பூங்கா அமைத்தார்கள். அதன் நடைபாதை நர்மதை நதியின் போக்கில் வளைந்து செல்கிறது. மேலே ஏற்றம், அடியில் நதி. இதற்கு மேலும் புவியியல் சான்று கேட்பது வெறும் பிடிவாதம். செம்பூர்ப் பக்கம் சாந்தாகுரூஸ்–செம்பூர் இணைப்புச் சாலையில் ஓர் இரட்டை அடுக்கு மேம்பாலம் இருக்கிறது. சஹ்யாத்ரி மலை சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து உருவானது. இணைப்புச் சாலை வேலை 2003-இல் தொடங்கி 2014-இல் திறப்பு விழா கண்டது. இரண்டில் எது மெதுவாக உருவானது என்பதில் செம்பூர்வாசிகளுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருப்பான் என்பார்கள். செம்பூர்த் தமிழர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள். சேடா நகரில் குமரனுக்காகவே உயரம் கட்டி, 108 படி வைத்து, மேலே அவனை நிறுத்தினார்கள். குறிஞ்சிக்குத் தெய்வமும் ஆயிற்று. திணை நிறைவு பெற்றது. ஆகவே காட்டாச்சா ராஜா பட்டம் தாராவி இட்லிக்காரருக்கே உரியது, புள்ளி போட்ட சட்டையையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று இவ்வாய்வு முடிவு செய்கிறது. மாவுக் கறையில் புள்ளிகள் ஏற்கெனவே இருக்கின்றன.

செம்பூர், மாட்டுங்கா வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். காலையில் பாம் பாம் கேட்டதும் பால்கனியிலிருந்து கையசைத்து மூன்றாம் மாடிக்கு வரச் சொல்கிறீர்கள். மூன்று மாடி என்பது 9 மீட்டர். சயான் உச்சிக்கு நாம் வைத்துக்கொண்ட கணக்கைவிட ஒரு மீட்டர் அதிகம், அதுவும் தூக்குகளைக் கையில் பிடித்துக்கொண்டு. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நீங்களே கீழே இறங்கி வாருங்கள். சில்லறையும் கொண்டுவாருங்கள்.