ஓடத் தெரிந்த ராசா

கோப்பாயிலிருந்து மருமகன் போன் எடுத்தான். "மாமா, ஏஜ் ஒஃப் எம்பயர்ஸில கடைசிக் காலத்துக்கு ஆரை எடுக்கிறது?"

போர்த்துக்கேயரை எடடா என்றேன். அந்த கேமில் அவர்களுக்குத் தங்கச் செலவு குறைவு. ஃபெய்ட்டோரியா என்று ஒரு கட்டடம் போட்டால் வேலையாளே இல்லாமல் வருமானம் கொட்டும், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடு மாதிரி. 2022இல் வந்த திராவிடரிடம் நல்ல கப்பல் உண்டு, குதிரைப்படைதான் பரிதாபம். ஆனால் அவன் வீட்டடியில் உண்மையாகவே ஒருக்கால் ஆடிய ஆட்டம் வேறு மாதிரி முடிந்தது.

மன்னாரில் கத்தோலிக்கராக மதம் மாறியவர்களை யாழ்ப்பாணத்துச் சங்கிலி ராசா கொன்றது 1544இல். அது பகிடிக்குரிய விஷயமில்லை. பகிடி, அதைத் தட்டிக்கேட்கக் கோவாவிலிருந்து போர்த்துக்கேய வைஸ்ராய் வந்த ஆண்டு. 1560! பதினாறு வருசம் லோடிங்.

வந்தவர் லேசுப்பட்டவரல்ல, கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா. பெரிய இடத்துப் பிள்ளை, பெரிய கப்பற்படை. நல்லூரைப் பிடித்தார். ராசாவைக் காணோம். கோப்பாய்க் கோட்டைக்கு விரட்டிப் போனார்கள். அங்கேயும் காணோம். ஆள் வன்னிக் காட்டுக்குள்!

கோழை என்று சிரிக்காதீர்கள். அதே கேமில் ரெஜிசைட் என்றொரு மோட் உண்டு. ராசா செத்தால் ஆட்டம் சரி, அதனால் அவருடைய ஒரே திறமை வேகமாக ஓடுவது. சங்கிலி அதை நானூறு வருசத்துக்கு முன்பே மாஸ்டர் பண்ணிவிட்டார்.

வைஸ்ராய்க்குக் கிடைத்தது ஒரு பல். புத்தருடையது என்றார்கள். பர்மாவின் பெகு ராசா அதற்கு லட்சக்கணக்கில் பொன் தர ஆளனுப்பினார். கோவாவிலோ காசு வறட்சி. கொடுத்திருக்கலாமே? பேராயர் அதை உரலில் இடித்து, எரித்து, சாம்பலை ஆற்றில் கொட்டினார். பிறகு கோட்டை ராச்சியமும் கண்டி ராச்சியமும் ஆளுக்கொரு பல்லைக் காட்டி, அசல் எங்களிடம்தான் என்றன. உரலுக்குத்தான் நஷ்டம்.

இதற்கிடையில் யாழ்ப்பாணத்துச் சனம் கிளம்பி அடிக்க, வைஸ்ராய் மூட்டை கட்டினார். குடாநாட்டைப் பிடிக்க வந்தவர் கையில் மிஞ்சியது மன்னார். 1619இல் இரண்டாம் சங்கிலியும் ஓடத்தான் பார்த்தார். அவர் தேர்ந்தெடுத்தது கடல். போர்த்துக்கேயரிடம், கடலில்!

எல்லாம் கேட்ட மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மாமா, லிஸ்டில வன்னி இல்லையே?"