பச்சைப்பிள்ளையைக் கடலில் இறக்குவது எப்படி? ஒலுவில் முறை

வாழ்த்துகள். பிள்ளைக்கு ஏழு மாதம். வாப்பா கட்டாரிலிருந்து லீவில் வந்திருக்கிறார், பெருநாள் சாப்பாடு இன்னும் சமிக்கவில்லை, வாசலில் வேன் நிற்கிறது. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நம்மவர்கள் ஏற்கெனவே திறம்படச் செய்துவரும் காரியம்தான். புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்காக ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

1. சஹன் சோறு தின்று முடித்து, வெயில் உச்சியில் நிற்கும்போது கிளம்புங்கள். காலை ஏழு மணிக்கு வெயில் இளசு, கூட்டமும் இல்லை, யார் பார்க்கப்போகிறார்கள்? பிள்ளைக்குத் தொப்பி கட்டாயம் வாங்குங்கள். அதை வேனிலேயே விட்டுவிடுங்கள்.

2. இடம் ஒலுவில் துறைமுகம்தான். துறைமுக அமைச்சராயிருந்த மர்ஹூம் அஷ்ரபின் கனவு, டென்மார்க்கின் கடன்காசு, 2013 செப்டம்பர் 1இல் திறப்புவிழா. எதிர்பார்த்த கப்பல்கள் வரவில்லை, மணல் வந்தது. தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகர்ந்துகொண்டிருந்த மணலைக் கல்லணை மறித்தது. தெற்கே கரை கொழுத்தது. வடக்கே தென்னங்காணிகளைக் கடல் தின்றது. துறைமுக வாய் தூர்ந்து மீனவர்களின் படகுகள் உள்ளே மாட்டிக்கொண்டன. ஆகவே நீங்கள் வடக்குப் பக்கம் போங்கள். அரிப்பைத் தடுக்கப் போட்ட கருங்கல்லில் நல்ல பாசி இருக்கும். றப்பர் செருப்போடு, பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்குங்கள். கால் வழுக்கினால் கல்லணையை ஒட்டினாற்போல் நில்லுங்கள். அங்கே அலை குறைவாகத் தெரியும். கல்லில் மோதின தண்ணீர் அணையின் ஓரமாகவே வெளிக்கடலுக்கு ஓடுவது மேலே தெரியாது. ஒரு துறைமுகத்தின் வாயையே அடைத்த கடலுக்கு எட்டுக் கிலோப் பிள்ளை ஒரு பாரமா?

3. மூத்தம்மாவைக் கூட்டிப் போகாதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அவ கடற்கரையை மிதித்ததில்லை. "புள்ளைய கடல்ல எறக்காதீங்க வாப்பா" என்று வாசல்வரை வந்து சொல்வா. சிரியுங்கள். பிள்ளையைக் கைவிடாமல் பிடித்திருக்கக்கூடிய ஒரே ஆள் அவதான். அப்படிப்பட்டவரோடு படம் எடுக்க ஏலாது.

4. சாதாரண பாம்பஸோடு இறக்குங்கள். அது கடல்நீரைக் குடித்துக் குடித்து முழங்கால்வரை தொங்கும், பிறகு ஓரம் கிழிந்து வெள்ளை வெள்ளையாகக் களி கக்கும். கரைவலைக்காரர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். நீங்கள் கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்யுங்கள், அதுதான் படத்தில் விழும்.

5. இப்போது டியூப். வாத்துத் தலை வைத்தது, வாப்பா கொண்டுவந்தது. கச்சான் அடிக்கும் மாதங்களில் நம் கரையில் கடல் சாந்தமாக இருக்கும், எல்லோரும் அப்போதுதான் வருவோம். ஆனால் கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. டியூப் என்பது பாரமில்லாத பாய்மரம். பிள்ளையை அதில் இருத்தி, இரண்டு கையையும் எடுத்துவிட்டு, அழகு பார்க்க நாலடி பின்னால் போங்கள். டியூப் விளையாட்டுச் சாமான், உயிர்காப்பு அங்கி அல்ல என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தால் ஊதும்போது அந்தப் பக்கத்தைக் கீழே வையுங்கள்.

6. வெள்ளைக்காரப் பிள்ளைகள் தண்ணீருக்கு அடியில் கண்ணை விழித்துக்கொண்டு நீந்தும் வீடியோ பார்த்திருப்பீர்கள். அது சூடாக்கிய குளம், பக்கத்தில் பயிற்றுநர். அதை விடுங்கள். ஒரு வயதுக்கு முன் நீச்சல் வகுப்பு மூழ்குவதைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே சொல்கிறது. அவர்களுக்கு நம்மூர் சாச்சாவைத் தெரியாது. "ஒண்ணும் ஆகா, மூச்சுப் புடிக்கும்" என்று சாச்சா முக்கி எடுப்பார். மூச்சுப் பிடிக்கத்தான் செய்யும். உப்புத் தண்ணியையும் விழுங்கும். உதடு நீலம் பாய்ந்து உடம்பு நடுங்கினால் குளிர்கிறது என்று அர்த்தம். நமக்கு வெதுவெதுப்பாக இருக்கிற கடல் கைக்குழந்தைக்குக் குளிர்தான். ஃபில்டர் போட்டால் நீலம் தெரியாது.

7. இதுதான் முக்கியமான படி, ஆறுதலாகப் படியுங்கள். குறைந்தது பதினைந்து பேரைச் சேருங்கள். ஒருவர் பார்த்தால் கவனமாகப் பார்த்துவிடுவார். பதினைந்து பேர் என்றால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைப்பார்கள். பிள்ளை கைக்குக் கை மாறட்டும். உம்மா சாச்சியிடம், சாச்சி மாமியிடம், மாமி பன்னிரண்டு வயது மச்சானிடம். நீங்கள் இறால்வடை வாங்கப் போங்கள். திரும்பி வந்து கேளுங்கள்:

"புள்ள எங்க?"

"ஒங்களுக்கிட்டதானே குடுத்தன்?"

"நான் ராத்தாட்டக் குடுத்தன்."

ராத்தா வேனுக்குள் ஏசியில் தூங்கிக்கொண்டிருப்பா.

மூழ்கும் பிள்ளை கத்தாது, கையை ஆட்டாது. சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடும். ஆகவே வடையைக் கடித்தபடி ஒரு சத்தத்துக்காகக் காத்திருப்பது நல்ல உத்தி. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2021இல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 இலட்சம் பேர். நாலில் ஒருவர் அளவுக்கு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். அத்தனை பேருக்கும் பக்கத்தில் யாரோ ஒருவர் இருந்திருக்கக்கூடும்.

8. ஈர உடுப்போடு ஏசி வேனில் வீட்டுக்கு. இரவில் பிள்ளை விடாமல் இருமினால், மூச்சு வேகமாக வாங்கினால், வழமைக்கு மாறாகச் சோர்ந்து கிடந்தால் நாவூறு என்று தீர்மானியுங்கள். வந்து பார்க்கும் பதினைந்து பேரும் அதையே சொல்வார்கள்.

9. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், எந்த நேரமும் வரும். அந்த இலக்கத்தைப் போனில் பதிந்து வைக்காதீர்கள். சார்ஜ் முழுவதும் வீடியோவுக்குத் தேவைப்படும்.